வெளுத்த முகமும் வீங்கிய காலும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவர் ஒருவர் எழுதியது)



ஆண்டு மலர் என்றால் கவிதை, கடி ஜோக், 'மறக்க முடியாத விடுதி நாட்கள்' என்று ஒரு கட்டுரை, இதுதான் வழக்கம். நானும் அப்படி ஒன்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். ஆனால் இந்த வருஷம் என் மனசில் நின்றது ஒரு பம்பு. நம்ம லேபில் கடகடவென்று ஓடும் சென்டிரிபியூகல் பம்பைச் சொல்லவில்லை. என் அம்மாவின் இதயத்தைச் சொல்கிறேன்.

அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறார். பல நாள் ஒன்றரை ஷிப்ட். போன தீபாவளி லீவுக்கு வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றியபோது, பாதத்தில் வார் பதிந்த தடம் வாய்க்கால் மாதிரி ஆழமாகக் கிடந்தது. "என்னம்மா கால் இப்படி?" என்றேன்.

"நின்னு நின்னு வேலை செய்யறதுல வர்றது கண்ணு. படுத்தா வத்திப் போயிரும்."

பக்கத்து வீட்டு அக்கா உப்பைக் குறைக்கச் சொன்னார். மருந்துக் கடையில் கேட்டு நானே நீர் மாத்திரை வாங்கி வந்தேன். நாலு நாள் வீக்கம் வடிந்தது. ஐந்தாம் நாள் திரும்ப வந்தது. மாடிப்படி ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. "வயசாகுதில்ல" என்றார். வயது 43தான்.

பொங்கலுக்கு முன் பஸ் ஸ்டாப்பில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். நான் காலைக் காட்டினேன். டாக்டரம்மா காலைத் தொடவே இல்லை. அம்மாவின் கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் காகிதம் மாதிரி வெளுத்திருந்தது. ரத்தப் பரிசோதனைச் சீட்டு வந்தது. ஹீமோகுளோபின் 4.8.

"ரத்தம் குறைஞ்சா உடம்பு வத்தத்தானே டாக்டர் செய்யணும்? வீங்குமா?" என்று கேட்டேன்.

"நீ மெக்கானிக்கல்தானே தம்பி? உனக்குப் புரியும்" என்று சொல்லி, சீட்டின் பின்பக்கம் ஒரு பம்பு, ஒரு குழாய், ஒரு தொட்டி வரைந்தார். அந்தப் பாடத்தைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. லாரி குறைந்தால் சரக்கு என்ன ஆகும்?

ரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின்தான் ஆக்சிஜனைச் சுமக்கும் லாரி. 1 கிராம் ஹீமோகுளோபின் சுமார் 1.34 மி.லி. ஆக்சிஜனைச் சுமக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 100 மி.லி. ரத்தத்தில் ஆண்களுக்கு 13 கிராம், பெண்களுக்கு 12 கிராம், கர்ப்பிணிகளுக்குச் சுமார் 11 கிராம் என்ற அளவுக்குக் கீழே போனால் ரத்தசோகை. கர்ப்பிணி அல்லாத பெரியவர்களுக்கு 8 கிராமுக்குக் கீழே போனால் கடுமையான ரத்தசோகை.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கால்குலேட்டர் தேவையில்லை.

ஹீமோகுளோபின் 15 கிராம் என்றால் 100 மி.லி. ரத்தத்தில் சுமார் 20 மி.லி. ஆக்சிஜன் இருக்கும். ஓய்வில் இருக்கும்போது இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுகிறது. ஆக, நிமிடத்துக்கு 1000 மி.லி. ஆக்சிஜன் உடம்புக்குச் சப்ளை. சும்மா உட்கார்ந்திருக்கும் உடம்பு செலவழிப்பது சுமார் 250 மி.லி. முக்கால் பங்கு கையிருப்பு. அந்தத் தைரியத்தில்தான் நாம் ஓடுகிறோம், படி ஏறுகிறோம், கபடி ஆடுகிறோம்.

அம்மாவுக்கு 4.8. கணக்குக்காக 5 என்று வைத்துக்கொள்வோம். 100 மி.லி. ரத்தத்தில் 6.7 மி.லி. ஆக்சிஜன். அதே 5 லிட்டர் ஓடினால் 335 மி.லி.தான் கிடைக்கும். செலவு 250. மிச்சம் எங்கே? இந்த நிலைமையில் ஒருத்தர் நின்றுகொண்டு ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறார் என்றால், அந்தப் பம்பு என்ன பாடுபட்டிருக்கும்!

2. பம்பு செய்யும் ஓவர்டைம்

லாரி குறைந்துவிட்டது; சரக்கு மட்டும் குறையக் கூடாது. அப்படியானால் இருக்கிற லாரிகளை வேகமாக ஓட்ட வேண்டும். இதயம் அதைத்தான் செய்கிறது. 5 லிட்டர் தள்ளிய இடத்தில் 8, 10 லிட்டர் என்று தள்ளப் பார்க்கிறது. ரத்தசோகைக்காரர்களுக்கு நெஞ்சு படபடவென்று அடிப்பதும், காதுக்குள் துடிப்பு கேட்பதும் அதனால்தான்.

இன்னொரு பக்கம், அணுக்கள் குறைந்த ரத்தம் நீர்த்துப் போகிறது; அதன் பாகுநிலை குறைகிறது. திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாததால் சின்ன ரத்தக் குழாய்களும் விரிந்து கொடுக்கின்றன. குழாயின் ஆரமும் திரவத்தின் பாகுநிலையும் ஓட்டத்தை எப்படி மாற்றும் என்று கண்டுபிடித்த பாய்சொய் ஒரு மருத்துவர் என்பது உங்களுக்குத் தெரியுமா? பிரெஞ்சுக்காரரான அவர் பாரிசில் 'எக்கோல் பாலிடெக்னிக்'கில் 1815-16இல் படித்தவர். நம்ம ஜாதிதான்! ஹைட்ராலிக்ஸ் லேபில் நாம் பார்க்கும் யு-குழாய் பாதரச மானோமீட்டரை 1828இல் ரத்த அழுத்தம் அளக்கப் பயன்படுத்தியவரும் அவரே.

மின்னியல் நண்பர்களுக்கு ஓம் விதி தெரியும். இங்கேயும் அதேதான்:

அழுத்தம் = ஓட்டம் × தடை

கடுமையான ரத்தசோகையில் ஓட்டம் கூடுகிறது. ஆனால் தடை அதைவிட அதிகமாகக் குறைந்துவிடுகிறது. விளைவு, அழுத்தம் இறங்குகிறது. வீக்கத்தின் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

3. ஏமாந்து போகும் மிதவை வால்வு

மேல்நிலைத் தொட்டியில் மிதவை வால்வு பார்த்திருப்பீர்கள். தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி வால்வு திறக்கும். நம் உடம்பில் அந்த வேலையைச் செய்வது சிறுநீரகம். அழுத்தம் குறைந்தால் அது "உடம்பில் தண்ணீர் போதவில்லை" என்று எடுத்துக்கொள்கிறது. ரெனின் முதலான சுரப்புகளை அனுப்பி, உப்பையும் தண்ணீரையும் வெளியே விடாமல் பிடித்து வைக்கிறது. வெயிலில் வேர்த்துக் களைத்தவனுக்கும், அடிபட்டு ரத்தம் இழந்தவனுக்கும் இது உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் ரத்தசோகைக்காரருக்குக் குறைந்தது தண்ணீர் அல்லவே, அணு! சிறுநீரகத்துக்கு அது தெரியாது. தொட்டி நிரம்பிய பிறகும் வால்வு திறந்தே கிடக்கிறது.

இந்திய இதய மருத்துவர் இந்தர் ஆனந்தும் அவருடைய கூட்டாளிகளும் நீண்டகாலக் கடும் ரத்தசோகையால் வீக்கம் வந்த நோயாளிகளிடம் உடம்பு நீர், உப்பு, இதய ஓட்டம், சுரப்புகள் எல்லாவற்றையும் அளந்து 1993இல் ஒரு பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். குறைந்த தடை, அதிக ஓட்டம், தேங்கிய உப்பு, தேங்கிய நீர் என்ற இந்தச் சங்கிலியைத்தான் அவர்கள் காட்டினார்கள்.

தேங்கிய நீர் ஏன் காலுக்குப் போகிறது? புவியீர்ப்புதான். இதயத்திலிருந்து பாதம் வரை சுமார் 120 செ.மீ. உயரம் என்று வையுங்கள். அசையாமல் நிற்கும்போது அந்த ரத்தத் தூணின் எடை மட்டும் பாதத்துச் சிரைகளில் சுமார் 90 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். நடக்கும்போது கெண்டைக்கால் தசை அழுத்தி ரத்தத்தை மேலே ஏற்றிவிடும். நின்றே வேலை பார்ப்பவருக்கு அந்த உதவியும் கிடையாது. அதனால் "நின்னு நின்னு வந்தது" என்று அம்மா சொன்னது முழுப் பொய்யும் இல்லை. தண்ணீர் இறங்குவதற்கு இடம் காட்டியது நிற்பது. தண்ணீரைச் சேர்த்து வைத்தது ரத்தசோகை.

ரத்தக் குழாய்ச் சுவரில் நடக்கும் இந்த இழுபறியை 1896இல் விளக்கியவர் ஆங்கில அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங். குழாய்க்குள் இருக்கும் அழுத்தம் நீரை வெளியே தள்ளும். ரத்தத்தில் உள்ள அல்புமின் முதலிய புரதங்கள் நீரை உள்ளே இழுத்து வைக்கும். தள்ளுவது கூடினாலும் வீக்கம். இழுப்பது குறைந்தாலும் வீக்கம். இந்த இரண்டாவது வரியை மறக்க வேண்டாம், அடுத்த பகுதிக்கு அது தேவை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ரத்தம் கொஞ்சம் குறைந்த உடனே கால் வீங்கிவிடாது. 10, 11 கிராம் உள்ளவருக்குக் கால் வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம் தேட வேண்டும். வெகு நாள் நீடித்து மிகவும் கீழே இறங்கிய பிறகுதான் இந்தச் சங்கிலி முழுதாக ஓடும். ஏற்கெனவே இதயம் பழுதுபட்டவருக்கு மட்டும் அதற்கு முன்பே வரலாம்.

4. அண்ணன் தம்பியாக வரும் இரண்டும்

நம் கிராமங்களில் 'ஊதுகாமாலை' என்று ஒரு சொல் உண்டு. முகம் வெளுத்து, உடம்பு ஊதிப் போனால் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள். வெளுப்பும் வீக்கமும் சேர்ந்தே வரும் என்பதை அவர்கள் கண்ணால் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சேர்ந்து வருகிற இரண்டில் ஒன்று மற்றொன்றைப் பெற்றதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

* சிறுநீரகம் பழுதானால் சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் சுரப்பு குறைகிறது, ரத்தசோகை. உப்பும் நீரும் வெளியேறாது, வீக்கம்.
* கல்லீரல் பழுதானால் அல்புமின் உற்பத்தி குறைகிறது, வீக்கம். உணவுக்குழாயில் ரத்தக் கசிவும் வரலாம், ரத்தசோகை.
* சாப்பாட்டில் இரும்பும் புரதமும் சேர்ந்தே குறைந்தால் இரண்டும் ஒன்றாகவே வரும்.
* தைராய்டு சுரப்புக் குறைவிலும் சோர்வு, ரத்தசோகை, உடம்பு ஊதல் மூன்றும் சேரலாம்.

இதற்கு எஞ்சினியரிங் சரித்திரத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. சிவில் நண்பர்கள் கவனிக்கவும். சுவிட்சர்லாந்தில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கோத்தார்டு ரயில் சுரங்கம் அமைத்தார்கள். 15 கிலோ மீட்டர் நீளம். 1872இல் தொடங்கி 1882இல் ரயில் ஓடியது. பெரும்பாலும் இத்தாலியத் தொழிலாளிகள். உள்ளே சூடு, ஈரம், சேறு, கழிப்பிடம் கிடையாது. திடகாத்திரமாகப் போன ஆட்கள் வெளுத்து, மூச்சு வாங்கி, நடக்க முடியாமல் திரும்பினார்கள். புகை, கெட்ட காற்று என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். 1880இல் டூரின் நகரத்து எதோவார்தோ பெரோன்சித்தோ உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார். குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும் கொக்கிப்புழு!

சேற்று மண்ணில் இருந்து வெறுங்கால் தோலைத் துளைத்து ஏறும் இந்தப் புழுவில் ஒரு வகை, ஒன்றுக்கு நாளொன்றுக்குச் சுமார் 0.2 மி.லி. ரத்தம் குடிக்கும். நூறு புழு இருந்தால் 20 மி.லி. தினமும்! ரத்தத்தோடு புரதமும் போகும். ஒரு பக்கம் பம்பு களைக்கிறது. மறுபக்கம் நீரை இழுத்து வைக்கும் அல்புமினும் குறைகிறது. ஸ்டார்லிங் சொன்ன இரண்டு வழியிலும் கால் வீங்குகிறது. இலங்கையில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களிடமும் இதே புழு பரவிக் கிடந்ததால்தான் 1916இல் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை அங்கே ஒழிப்பு வேலையைத் தொடங்கியது. மலையைக் குடைந்தவனும் தேயிலை பறித்தவளும் சோம்பேறிகள் அல்ல. அவர்கள் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

5. ஒழுகல் எங்கே?

பைப்பில் பிரஷர் குறைந்தால் மோட்டாரை மட்டும் மாற்றிவிட்டுப் போகிற பிட்டரை யாராவது நல்ல பிட்டர் என்பார்களா? ஒழுகல் எங்கே என்று தேட வேண்டும்.

டாக்டரம்மா என்னைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார். பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். அம்மாவுக்கு இரண்டு வருஷமாக மாதவிடாய் அதிகமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள். ஸ்கேனில் கர்ப்பப்பையில் நார்க்கட்டி தெரிந்தது. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான். ஆனால் ரத்தத்தை அதுதான் வடித்திருக்கிறது.

"ஏம்மா சொல்லலை?" என்றேன்.

"இதையெல்லாம் பையன்கிட்டப் போய் எப்படிக் கண்ணு சொல்றது?"

நண்பர்களே, என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டில் நான் ஒரே பிள்ளை; அப்பா இல்லை. அம்மா வேறு யாரிடம் சொல்லியிருப்பார்? வாங்கிக் கொடுத்த நீர் மாத்திரை ஒழுகுகிற தொட்டியின் அடியில் வைத்த வாளிதான் என்று அப்போதுதான் உறைத்தது. மருந்துக் கடையில் 'கால் வீக்கம்' என்று மட்டும் சொன்னேன். அம்மாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 சதவீதம். நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்கலாம் என்று அர்த்தம்.

6. ஏன் மெதுவாக ஏற்றுகிறார்கள்?

"அஞ்சு பாட்டில் ரத்தமும் இன்னைக்கே ஏத்திடுங்க டாக்டர், ஆள் ரெடியா இருக்காங்க" என்றேன். டாக்டரம்மா சிரித்தார். "ஏற்கெனவே ஓவர்லோடில் ஓடுற பம்பு தம்பி. தொட்டியும் நிரம்பியிருக்கு. திடீர்னு இன்னும் திரவத்தை ஊத்தினா தண்ணி நுரையீரலுக்குப் போயிரும்."

ஆகவே பிளாஸ்மாவைப் பிரித்த அணுக்கள் மட்டும், ஒரு நேரத்தில் ஒரு பை, மூன்று நான்கு மணி நேரம் மெதுவாக. கூடவே நீர் பிரிய ஊசி. ஒரு பை ஏறினால் ஹீமோகுளோபின் சுமார் 1 கிராம் கூடும். நான் கடையில் வாங்கியதும் நீர் பிரிய வைக்கும் மருந்துதான். ஆனால் காரணம் தெரிந்து, அளவு பார்த்துக் கொடுத்தால்தான் அது மருந்து. பிறகு இரும்புச் சத்து மாத்திரை மாதக்கணக்கில். ரத்தம் சரியான பிறகும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டும். கையிருப்பு நிரம்ப வேண்டாமா? டீயோடு சேர்த்துச் சாப்பிட்டால் இரும்பு உடம்பில் ஒட்டாது. எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் நன்றாக ஒட்டும். பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் கொடுத்த நீல மாத்திரையை ஜன்னல் வழியாக எறிந்தவர்களில் நானும் ஒருவன். இப்போது வெட்கமாக இருக்கிறது.

7. நினைவில் கொள்ள

1. வீங்கிய காலில், முன்னெலும்பின் மேல் கட்டைவிரலால் சில வினாடி அழுத்துங்கள். குழி விழுந்து நின்றால் நீர் தேங்கியிருக்கிறது.
2. அடுத்து கீழ் இமை, நாக்கு, நகம், உள்ளங்கை பாருங்கள். வெளுத்திருந்தால் அன்றே ரத்தப் பரிசோதனை.
3. பச்சரிசி, சாம்பல், மண் தின்னத் தோன்றுவது இரும்புச் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். கேலி செய்யாதீர்கள்.
4. ரத்தத்தோடு சிறுநீரில் புரதம், சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, தேவைப்பட்டால் இதய எக்கோ, மலப் பரிசோதனை ஆகியவற்றையும் மருத்துவர் பார்ப்பார். "ஒரு டானிக் எழுதிக் கொடுங்க போதும்" என்று அவசரப்படுத்தக் கூடாது.
5. மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டுதல், நெஞ்சு வலி, மயக்கம், கறுப்பாக மலம் போதல் இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனை.
6. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் அது சிரையில் ரத்தக்கட்டியாக இருக்கலாம். தேய்க்கவோ நீவி விடவோ கூடாது; உடனே போக வேண்டும்.
7. கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ இருந்தால் அது அவசரம்.
8. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாட்கள். தம்பி தங்கைகள் மாத்திரை விழுங்கினார்களா என்று பாருங்கள். செருப்புப் போடுங்கள்.

முடிவாக

அம்மாவுக்கு நாலு பை ரத்தம் ஏறியது. நாலு நாளில் வடிந்த வீக்கம் இந்த முறை திரும்பி வரவில்லை. இரும்புச் சத்து ஏறிய பிறகு கட்டிக்கு அறுவை சிகிச்சையும் நல்லபடியாக முடிந்தது. போன மாதம் பார்த்தபோது 11.6. செருப்பைக் கழற்றினால் பாதத்தில் தடம் இல்லை. செக்கிங்கில் இப்போது நடுநடுவே உட்கார ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த நாலு பைக்கு ஈடாக ரத்த வங்கிக்குப் போய்க் கை நீட்டியவர்கள் நம் விடுதி நண்பர்கள். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 18 வயது நிறைந்து, 45 கிலோ எடையும் 12.5 கிராம் ஹீமோகுளோபினும் இருந்தால் நீங்களும் கொடுக்கலாம். முதலாண்டுத் தம்பிகள் அவசரப்பட வேண்டாம், வயது வரட்டும்.

இன்னொன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். இந்த மலரைப் படித்து முடித்ததும், வரும் சனிக்கிழமை ஊருக்குப் போனால், அம்மாவையோ அக்காவையோ அத்தையையோ வெளிச்சத்தில் உட்கார வைத்து முகத்தைப் பாருங்கள். காலைப் பாருங்கள். "மாசா மாசம் ரொம்பப் போகுதா?" என்று கேட்க நாக்குக் கூசினால், கூச்சத்தோடேயே கேளுங்கள். நான் தீபாவளிக்கே கேட்டிருக்கலாம்.